இரட்டைக் கோட்டில் வைத்த விரல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ரத்தம் எடுக்கவோ, குழாயில் பெயர் ஒட்டவோ நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். வகுப்பில் இல்லாத எதையாவது எழுதித் தரும்படி திட்ட அலுவலர் கேட்டார். "உங்க வெற்றிக் கதை ஒண்ணு எழுதுங்க மேடம்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் புரட்டினேன். வெற்றி என்று நான் குறித்து வைத்த பக்கங்களில் படிக்க ஒன்றுமில்லை. எல்லாம் சரியாக நடந்தது, அவ்வளவுதான். அதனால் ஒரு தவற்றை எழுதுகிறேன். தவறு செய்தது நான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கிழமைகளையும் மாதங்களையும் மாற்றவில்லை.

நம் வேலை என்ன என்பதை வெளியாள் ஒருவருக்குச் சொல்வதுபோல ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகள் மூளையின் அமைப்பே மாறிப் பிறக்கின்றன. அதற்குக் காரணம் பெரும்பாலும் மரபணுவில் மிக அரிதாக நேரும் ஒரு மாற்றம். அந்த வீடுகளுக்குப் போய், யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டு வம்சப் படம் வரைந்து, ரத்தம் எடுத்து, பெருநகர மருத்துவமனையின் மரபணுப் பிரிவுக்கு அனுப்புகிறோம். முடிவு வந்ததும் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம். இதில் கடினமான வேலை கடைசி வேலைதான் என்று நினைத்திருந்தேன். முதல் நாளிலேயே எல்லாம் கெட்டுப்போக முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாசி மாதம், இரண்டாவது வியாழக்கிழமை. திருவரங்குளம் தாண்டி, தைலமரக் காட்டை ஒட்டிய ஊர். குழந்தையின் பெயர் யாழினி, இரண்டு வயது எட்டு மாதம். தலை நிற்கவில்லை. தினமும் வலிப்பு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் மேற்பரப்பு மடிப்புகள் குறைந்து வழவழப்பாக இருந்தது. தாய் கவிதா, இருபத்தாறு வயது. தந்தை முருகேசன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். வீட்டை நடத்துவது முருகேசனின் தாய் பழனியம்மாள். ஒன்றரை ஏக்கர் கடலையும் நான்கு மாடும் அவர் பொறுப்பில்.

ஸ்கேனைப் பற்றிக் கேட்டார்கள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். மூளையின் அணுக்கள் உள்ளே ஓரிடத்தில் பிறந்து, அங்கிருந்து வெளிப்புறம் வரை நடந்துபோய்த் தங்கள் இடத்தில் நிற்க வேண்டும். நாற்றங்காலில் முளைத்த நாற்று வயலுக்குப் போவதுபோல. இந்தக் குழந்தைக்கு நாற்று பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் மடிப்பு விழவில்லை.

பழனியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து நின்றபடியே கேட்டார். "நாத்து வயலுக்குப் போய்ச் சேரலன்னா, நடவுக்காரி மேல தப்பா, வெத நெல்லு மேல தப்பா? அதச் சொல்லு தாயி."

ஒரு மருத்துவ மாநாட்டில்கூட இவ்வளவு சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் தவறு நடந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வம்சப் படம் அப்போது என் மடியில் இருந்தது. கவிதா, பழனியம்மாளின் கூடப்பிறந்த தம்பி கருப்பையாவின் மகள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே நாம் இரட்டைக் கோடு போடுகிறோம் அல்லவா, அதைப் போட்டிருந்தேன். நம் மாவட்டத்தில் எத்தனை படங்களில் அந்தக் கோடு வரும் என்று உங்களுக்கே போகப் போகத் தெரியும். அதைப் பார்த்ததும் கை தானாகவே காரணத்தை எழுதிவிடும். இருவரும் ஒரே மறைந்த மாற்றத்தைச் சுமக்கிறார்கள், அது குழந்தையிடம் இரட்டையாகச் சேர்ந்துவிட்டது என்று. பல வீடுகளில் அது உண்மையும்கூட.

"ரிப்போர்ட் வரட்டும்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த இரட்டைக் கோட்டின்மேல் விரலை வைத்தேன். "சொந்தத்துல கட்டுறப்ப இப்படி வர்றது உண்டு. அப்படி இருந்தா அடுத்தடுத்த பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு" என்றேன்.

சொன்ன வாக்கியத்தில் பிழையில்லை. 'உண்டு' என்றேன், 'அப்படி இருந்தால்' என்றேன். எல்லாம் சரி. ஆனால் விரல் 'இருந்தால்' என்று சொல்லவில்லை. விரல் இதுதான் என்றது. பழனியம்மாள் என் வாயைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கவிதாவிடமும் குழந்தையிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு, பதினொன்றே முக்கால் பேருந்தைப் பிடித்துவிட்டேன். அன்றைய குறிப்பேட்டில் 'நல்ல குடும்பம், விவரமான மாமியார்' என்று எழுதியிருக்கிறேன்.

ரிப்போர்ட் ஐப்பசியில் வந்தது. நான் நினைத்ததற்கு நேர்மாறு. அந்த மரபணுவுக்குத் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என்று இரண்டு பிரதிகள்; யாழினியிடம் அவற்றில் ஒன்றில் மட்டும் மாற்றம். ஒற்றை மாற்றமே போதும், மூளையின் மடிப்பு விழாமல் போவதற்கு. அந்த மரபணுவின் இயல்பு அப்படி. தாயின் ரத்தத்தில் அது இல்லை. நோயில்லாமல் எலக்ட்ரீஷியனாக ஏணியில் ஏறி இறங்கும் தந்தையிடமும் அது இருக்க வாய்ப்பில்லை. அதாவது, அது அநேகமாக யாழினியிடமே புதிதாகத் தோன்றியது. யாருடைய வம்சத்திலிருந்தும் வரவில்லை. சொந்தத்தில் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்போது நமக்கு ஒரு விதி உண்டு. இப்போதும் இருக்கிறது. முடிவைத் தாய், தந்தை இருவரும் சேர்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும், தந்தையின் ரத்தத்தையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். நல்ல விதி. ஒருவர் தலையில் மட்டும் பழி விழாமல் இருக்கப் போட்ட விதி. முருகேசன் தை மாதம் விடுமுறையில் வருவதாக இருந்தது. எனவே ரிப்போர்ட்டைக் கோப்பில் வைத்து, 'தை, தந்தை வந்ததும்' என்று பென்சிலால் எழுதி, அலமாரியில் வைத்தேன்.

ஒன்பதாவது நாள், புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கவிதா போனில் கூப்பிட்டாள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து பேசுகிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். பிள்ளைய வயித்துல வச்சே டெஸ்ட் பண்ண முடியும்னு டீவியில சொன்னாங்க. உண்மையா?"

"யாருக்குக் கேக்குற?"

"எனக்குத்தான். பதினோரு வாரம். அவங்க ஆவணியில பத்து நாள் அவசர லீவுல வந்துட்டுப் போனாங்கள்ல. வெள்ளிக்கிழமை கலைச்சிரலாம்னு அத்த ஆஸ்பத்திரில சொல்லி வச்சிருக்காங்க. நீங்கதான நாலுல ஒண்ணுன்னு சொன்னீங்க. அதான். எனக்கு மனசு வரலக்கா."

ஆவணியில் வந்துபோனவரின் ரத்தத்தை எடுத்திருக்கலாம். அவர் வந்ததே எனக்குத் தெரியாது. மூன்று மாதம் முடியும்வரை வயிற்றில் இருப்பதை வெளியே சொல்லாத வழக்கமும் நம் ஊரில் உண்டு. இரண்டையும் நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அலமாரியில் இருந்த ஒரு தாள், அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை நடக்கப்போவதை முழுக்க மாற்றக்கூடியது. அதை ஒன்பது நாளாகப் பூட்டி வைத்திருந்தேன்.

மரபணுப் பிரிவின் மருத்துவரை அழைத்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "தந்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே போங்க. தெரிஞ்சதையும் சொல்லுங்க, தெரியாததையும் சொல்லுங்க. வச்சுக்கங்கன்னோ வேண்டாம்னோ மட்டும் சொல்லாதீங்க. அது அந்தப் பொண்ணோட முடிவு" என்றார்.

சரி என்றேன். போனை வைக்கப் போகும்போது அவர் கேட்டார். "மேடம், புது ரிப்போர்ட் வந்திருக்குன்னு சொல்லப் போறீங்களா, இல்ல மாசி மாசம் நீங்க சொன்னது தப்புன்னு சொல்லப் போறீங்களா?"

உண்மையைச் சொன்னால், முதலாவதைத்தான் சொல்வதாக இருந்தேன். 'இப்போது புதிதாகத் தெரியவந்திருக்கிறது' என்பது எவ்வளவு சௌகரியமான வாக்கியம்! அதில் தவறு செய்தவர் யாருமே இல்லை. "ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"பழைய வார்த்தைய யாராவது திரும்ப எடுத்துக்கணும். இல்லன்னா அது அந்த வீட்டுலயே இருக்கும்" என்றார்.

வியாழன் காலை எட்டு நாற்பதுக்குப் போய் இறங்கினேன். கவிதாவின் அப்பா கருப்பையாவையும் வரச் சொல்லியிருந்தேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். பழனியம்மாள் அவரை வா என்றும் சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவுமில்லை. மாசியிலிருந்து அக்காளும் தம்பியும் பேச்சுவார்த்தையில் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தம்பி மகன் புதுவீடு குடிபோனதற்குக்கூட பழனியம்மாள் போகவில்லையாம்.

முருகேசனை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள் கவிதா.

"நெத்தியத் தவிர ஒண்ணும் தெரியல. போனக் கீழ எறக்குடா" என்றார் பழனியம்மாள்.

"எறக்குனா வெளிச்சம் அடிக்குதும்மா. நீங்க பேசுங்க, காது கேக்குது."

நான் தாளை எடுக்கவில்லை. முதலில் என் தவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "மாசி மாசம் இங்க உக்காந்து நான் ஒண்ணு சொன்னேன். சொந்தத்துல கட்டுனதாலன்னு, கோட்டக் காட்டிச் சொன்னேன். அது தப்பு. ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி நான் சொல்லியிருக்கக் கூடாது. யாழினிக்கு வந்தது சொந்தத்துல கட்டுனதால இல்ல."

மாடு ஒன்று கழுத்தை ஆட்டியது.

"அப்ப எதனால?" முருகேசனின் குரல்.

ஒரு பத்திரத்தைப் பார்த்து நகல் எழுதும்போது கை தவறி ஓர் எழுத்து மாறிவிடுவதுபோல என்று விளக்கினேன். மூலப் பத்திரம் இரண்டு வீட்டிலும் சரியாகவே இருக்கிறது. யாழினிக்கென்று எழுதிய நகலில்தான் பிழை. எழுதச் சொன்னவர் தப்பும் இல்லை, எழுதியவர் தப்பும் இல்லை.

"ஒரு எழுத்தா? ஒரே ஒரு எழுத்துக்கா எம் பேத்தி இப்புடிக் கெடக்குறா?" வாசலில் நின்ற கருப்பையா முதல்முறையாக வாயைத் திறந்தார். பிறகு அவரே சொன்னார். "ஏன் இருக்காது? சர்வே நம்பர்ல ஒரு சைபர் மாறிப்போயி நான் ஏழு வருசம் கோர்ட்டுக்கு நடந்தேன்."

நான் பழனியம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினார்.

"ஏம்மா, படிச்ச பொம்பளதான நீ? வந்த, வெரல வச்ச, பஸ் ஏறிப் போயிட்ட. எட்டு மாசம் நான் பட்டது ஒனக்குத் தெரியுமா? எந் தம்பி மகளத்தான் எம் மகனுக்குக் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னவ நானு. வாசல்ல நிக்குற இவன் வேண்டாம்னான். சின்னப் புள்ளக்கா, படிக்கட்டும்னான். நாந்தான் கேக்கல. அப்ப, இந்தப் புள்ளய இப்புடி ஆக்குனது நாந்தான? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் இவன் மகன் வீட்டுக்குப் போயி, புது வீட்டுல பால் காய்ச்சுறதப் பாப்பேன்?"

தம்பி வீட்டின்மேல் கோபம் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். கவிதாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். "அத்த, எங்க அப்பாவத் தப்பு சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

"அவன என்னடி சொல்றதுக்கு இருக்கு? நான் பண்ணதுக்கு நீ இன்னொரு தடவ செமக்கணுமான்னுதான் ஆஸ்பத்திரில சொல்லி வச்சேன்."

கருப்பையா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏங்க்கா, இத எட்டு மாசமா நெஞ்சுக்குள்ளயே வச்சிருந்தியா? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் இல்லன்னு சொல்லியிருப்பேன்ல?"

"நீ என்ன டாக்டரா?" என்றார் பழனியம்மாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அந்த இடத்தில் ஒரு சபலம் எனக்கு வந்தது. உங்களுக்கும் வரும். அழுது முடித்து எல்லோரும் நம் முகத்தையே பார்க்கும்போது, 'இனிமே ஒரு கவலையும் இல்ல, தைரியமா பெத்துக்கங்க' என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். மாசியில் செய்த தவற்றை ஐப்பசியில் வேறு திசையில் செய்வது அது. எனவே மீதியையும் சொன்னேன். அடுத்த குழந்தைக்கு இதே மாற்றம் வர வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அரிதாக, தாயின் அல்லது தந்தையின் உடம்பில் ரத்தத்தில் தெரியாத ஓரிடத்தில் அந்தப் பிழை ஒளிந்திருக்கலாம். நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, அந்த ஒரு எழுத்தை மட்டும் பார்க்கலாம். அதிலும் கருவுக்குச் சிறிய ஆபத்து உண்டு. முடிவுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். வேறு எந்த நோயும் வராது என்று அந்தச் சோதனை உறுதி தராது.

"இவ்வளவு 'ஆனா' போடுறீங்களே மேடம்" என்றது சொம்பில் சாய்ந்திருந்த நெற்றி.

"ஆனா போடாமப் பேசித்தான் தம்பி இவ்வளவும் வந்துச்சு" என்றேன். அவர் சிரித்ததாக ஞாபகம்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கருப்பையா டெஸ்ட் வேண்டும் என்றார், பழனியம்மாள் ஊசி குத்தினால் குழந்தைக்கு வலிக்காதா என்றார், முருகேசன் நான் வந்துவிடட்டும் என்றார். கவிதா யாழினியை மடியில் போட்டு, கரண்டியால் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் நடுவே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"எல்லாரும் பேசிட்டீங்களா? எனக்கு இந்தப் பிள்ள வேணும். டெஸ்ட் எடுத்துக்குறேன். வேற மாதிரி வந்தா அப்ப நானே யோசிச்சுக்குறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரலன்னு நீங்களே போன் போட்டுச் சொல்லிருங்க அத்த. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

பழனியம்மாள் அந்த இடத்திலேயே போன் போட்டார். மறுமுனையில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "ஏன்னா, வரல. அம்புட்டுத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மீதியில் என் பங்கு குறைவு. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, பெருநகர மருத்துவமனையில் சோதனை. உடன் போனவர்கள் அத்தையும் அப்பாவும். கார்த்திகை மூன்றாவது வாரம் முடிவு வந்தது. அந்த மாற்றம் இல்லை. தை மாதம் முருகேசன் வந்து ரத்தம் கொடுத்தார்; அவரிடமும் இல்லை. வைகாசியில் ஆண் குழந்தை பிறந்தது.

நம் விதியில் அதன்பிறகு ஒரு வரி சேர்ந்தது. இருவரும் சேர்ந்திருக்கும்போதுதான் சொல்ல வேண்டும், ஆனால் முடிவு வந்த அன்றே ஒரு போன் போட்டு, வீட்டில் ஏதாவது அவசரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உங்கள் கையேட்டில் அது பதினான்காவது வரி. ஏன் என்று அங்கே எழுதியிருக்காது. இரட்டைக் கோட்டைப் பற்றி வரி எதுவும் இல்லை, அதை நீங்கள்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட் வரும்வரை அது உறவைக் காட்டும் கோடு மட்டுமே. காரணம் கேட்பார்கள், மிக நன்றாகக் கேட்பார்கள். "தெரியலம்மா" என்று சொல்லப் பழகுங்கள். முதல் பத்து முறை கூச்சமாக இருக்கும். தவறிப்போய் ஏதாவது சொல்லிவிட்டால், புது ரிப்போர்ட்டின் பின்னால் ஒளியாமல், சொன்ன இடத்திலேயே போய் உட்கார்ந்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய தை மாதம், கடைசிச் சனிக்கிழமை, வேலையாக இல்லாமல் சும்மா அந்த வீட்டுக்குப் போனேன். பழனியம்மாள் கடலைக்காட்டில் இருந்தார். பையனுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. பாயில் கிடந்த யாழினியைச் சுற்றித் தவழ்ந்துகொண்டே இருந்தான். அவள் கையை மிதித்தான், பாவாடையை இழுத்தான், பிறகு எதற்கோ வீறிட்டு அழுதான். யாழினி தலையை மெதுவாக, மிக மெதுவாக, அந்தச் சத்தத்தின் பக்கம் திருப்பினாள். முழுதாகத் திருப்பி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பையன் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

"பாத்தீங்களாக்கா? முந்தாநேத்துல இருந்து இவன் அழுதா திரும்புறா. எங்க சத்தத்துக்குத் திரும்ப மாட்டா, இவனுக்கு மட்டுந்தான்" என்றாள் கவிதா. "இதெல்லாம் ரிப்போர்ட்டுல வருமாக்கா?"

"வராதும்மா."

"அப்ப நீங்களாச்சும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை, காலை பத்து இருபது.